எடுப்பதா, மூடுவதா, விட்டுவைப்பதா: நஞ்சு ஏறிய ஆற்று வண்டலுக்கான வழிகள்

ஹட்சன் ஆற்றின் அடிவண்டலில் பிசிபி என்ற குளோரின் கலந்த நச்சு வேதிப்பொருள் கிடக்கிறது என்பதில் 1976-க்குப் பிறகு யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்த ஆண்டில்தான் நியூயார்க் மாநிலம் ஆற்றின் மேற்பகுதியில் மீன்பிடிக்கத் தடை விதித்தது. கிடப்பதை என்ன செய்வது என்று தீர்மானிக்க மேலும் 26 ஆண்டுகள் பிடித்தன.

ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்ற இரண்டு ஊர்களில் மின்தேக்கிகள் செய்துவந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகளிலிருந்து 1947 முதல் 1977 வரை ஆற்றில் கலந்த பிசிபி 590 டன் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. 1973-ல் ஃபோர்ட் எட்வர்டில் இருந்த பழைய அணையை இடித்தபோது, அதன் பின்னால் ஆண்டுக்கணக்காகத் தேங்கியிருந்த சேறு ஆற்றோடு கீழே இறங்கியது. 1984-ல் அந்த முகமை, இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்றது. 2002-ல் அதே முகமை, ஆற்றின் அடியைத் தோண்டி எடுத்தே தீர வேண்டும் என்றது. ஆற்றில் கலந்த நஞ்சின் அளவு இடைப்பட்ட காலத்தில் பெரிதாகக் கூடிவிடவில்லை. வண்டல் அந்த நஞ்சை எவ்வளவு உறுதியாகப் பிடித்துவைத்திருக்கிறது, ஆற்றின் அடி எவ்வளவு அசையாமல் கிடக்கிறது என்பவற்றைப் பற்றிய புதிய அளவீடுகள்தான் வந்திருந்தன.

இத்தகைய இடங்களில் முன்னே இருக்கும் வழிகள் நான்கு: தொடர்ந்து கண்காணித்தபடி இயற்கையிடம் விட்டுவிடுவது, தூர்வாரி அப்புறப்படுத்துவது, மேலே மணல் பரப்பி மூடுவது, கரியைக் கலந்து இருந்த இடத்திலேயே நஞ்சைக் கட்டிப்போடுவது. எது சிறந்தது என்ற கேள்விக்கு, இடத்துக்கு இடம் மாறும் என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. மாறத்தான் செய்யும், ஆனால் எதைப் பொறுத்து மாறும் என்பதைச் சொல்ல முடியும். சேற்றில் மொத்தம் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பதைவிட, அது எதோடு ஒட்டியிருக்கிறது, எத்தனை காலமாக ஒட்டியிருக்கிறது, அந்த ஒட்டைக் கலைக்கக்கூடியது எது என்ற மூன்று விவரங்களுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒட்டும் விதமும் ஒட்டிய காலமும்

பிசிபி தண்ணீரில் கரைய மறுக்கும் பொருள். ஆற்றில் விழுந்தவுடன் அது மட்கிய இலை, பாசி, நுண்துகள் என எங்கே கரிமப் பொருள் இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு கரிமக் கார்பன் உள்ள சாதாரண ஆற்றுச் சேற்றை எடுத்துக்கொண்டால், நடுத்தரமான ஒரு பிசிபி மூலக்கூறுக்கு, ஒரு கிலோ சேற்றில் இருப்பதில் ஏறக்குறைய 20,000-ல் ஒரு பங்குதான் அதைச் சூழ்ந்த ஒரு லிட்டர் நீரில் இருக்கும். கேட்பதற்கு இது ஆறுதலாக இருக்கும். ஆனால் புழுவும் பூச்சியும் உடலில் ஏற்றிக்கொள்ளும் அளவு அந்தச் சிறிய பங்கோடுதான் ஒத்துப்போகிறது. புழுவிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் போகப்போக அது பன்மடங்காகச் செறிகிறது.

ஒட்டிய நஞ்சு ஒட்டிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. முதல் சில மணி நேரத்தில் துகளின் மேற்பரப்பில் இருப்பது, மாதங்களும் ஆண்டுகளும் செல்லச்செல்ல உள்ளே நகர்கிறது; கரிமப் பொருளின் நெருக்கமான மடிப்புகளுக்குள்ளும், தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய துளைகளுக்குள்ளும் போய் அடைகிறது. வண்டலில் புகைக்கரியோ நிலக்கரித் தூளோ கலந்திருந்தால் பிடிப்பு இன்னும் இறுகும். சாதாரணக் கரிமப் பொருளைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அவை இறுக்கமாகப் பிடிக்கும். வெள்ளை வேட்டியில் சிந்திய சாம்பாரை உடனே அலசினால் மஞ்சள் போய்விடும், நாலு நாள் ஊறவிட்டால் நூலுக்குள் இறங்கிவிடும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். நஞ்சு இப்படி நாள்பட உள்ளே இறங்கி இறுகும் முதிர்ச்சியும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும், ஆற்றடியில் கிடக்கும் பிசிபிக்கு அந்த வெயில் எட்டுவதில்லை.

இதனால் ஒரே சேற்றுக்குள் இரண்டு வகை இருப்பு உண்டாகிறது. ஒரு பங்கு, நீர் சற்றே தூய்மையானாலும் மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் வெளியே வந்துவிடும். மற்றொரு பங்கு ஆண்டுக்கணக்கில் கசியும். ஆய்வகத்தில் கடுமையான கரைப்பானை ஊற்றிப் பிழிந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். சட்டங்களும் விதிகளும் பெரும்பாலும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கின்றன. புழு கரைப்பான் குடிப்பதில்லை. மொத்த அளவு சமமாக உள்ள இரண்டு சேறுகளில், அண்மையில் மாசுபட்டதும் கரி குறைந்ததுமான சேறு, கரித்தூள் நிறைந்த பழைய சேற்றைவிடப் பல மடங்கு நஞ்சைப் புழுவுக்கு ஊட்டலாம்.

இதை அளக்கப் பயன்படும் கருவி பார்ப்பதற்கு மிக எளிமையானது. சட்டகத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பாலித்தீன் தாள், கடையில் தரும் பையின் தாளைப் போன்றதுதான், அதைச் சேற்றுக்குள் செங்குத்தாகச் செருகிச் சில வாரங்கள் விட்டுவைக்கிறார்கள். துகள்களுக்கு இடையே உள்ள நீரில் எவ்வளவு பிசிபி கரைந்திருக்கிறதோ, அதற்கு ஏற்ற அளவு தாளில் ஏறுகிறது. வெளியே எடுத்து, சேற்றைத் துடைத்து, தாளில் ஏறியதை அளந்தால் இடைநீரின் நிலை தெரிந்துவிடும். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான அளவைக்கூட இப்படிக் கணிக்கலாம். இந்த அளவீடு இல்லாமல் எடுக்கப்படும் முடிவு, நோயாளியைப் பார்க்காமல் எடையை மட்டும் கேட்டு மருந்து எழுதுவதற்குச் சமம்.

முதிர்ச்சி என்பது அழிவு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹட்சனின் காற்றில்லாத சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பிசிபி மூலக்கூற்றிலிருந்து சில குளோரின் அணுக்களைக் கழற்றுவது உண்மை. ஜெனரல் எலக்ட்ரிக் அதைத் தன் வாதத்துக்கு வலுவாகப் பயன்படுத்தியது. ஆனால் குளோரின் குறைந்தாலும் மூலக்கூறின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. மேலும், ஆற்று நீர் சுத்தமாக ஆக, இதுவரை நஞ்சை வாங்கிவந்த வண்டல் கொடுக்கத் தொடங்குகிறது. ஆலைக் குழாயை மூடியபின் அடிவண்டலே ஊற்றாகிவிடுவதன் காரணம் இதுதான்.

உலோகங்களின் கதை வேறு. குளத்தடியில் இருந்து கறுப்புச் சேற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் அள்ளி, மூடாமல் மேசைமேல் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு ஆடை படர்ந்துவிடும். கறுப்பு நிறம் இரும்புச் சல்ஃபைடு, பழுப்பு நிறம் துரு. காற்றில்லாத கறுப்புச் சேற்றில் காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை இரும்பைத் தள்ளிவிட்டுச் சல்ஃபைடோடு சேர்ந்து, கரையாத உப்பாக உறைந்து கிடக்கின்றன. அதற்குப் போதுமான சல்ஃபைடு சேற்றில் இருக்கும்வரை புழுவுக்கு அவற்றால் தீங்கு குறைவு. காற்றுப் பட்டதும் சல்ஃபைடு உடைகிறது, உலோகம் வெளிவருகிறது. புதிதாய் உண்டான துரு அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. ஆர்சனிக் இதற்கு நேர்மாறு: துருவோடு ஒட்டி அமைதியாக இருக்கும் அது, காற்று அற்றுத் துரு கரையும்போது விடுபடுகிறது.

பாதரசத்துக்கு வயது இன்னொரு வகையில் முக்கியமாகிறது. அது மீனுக்குள் போவதற்கு, முதலில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் சோதனைக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றான ஏரி 658-ல், 2001 முதல் 2007 வரை தனி அடையாளம் கொண்ட பாதரச ஐசோடோப்பை இட்டு, நிறுத்தியபின் மீன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். புதிதாக விழுந்த பாதரசம் விரைவில் மீனில் தோன்றியது. வரத்து நின்றதும் மீன்களில் அதன் அளவு விரைவாகவே இறங்கியது. அடியில் பழையது கிடந்தபோதிலும் இப்படி நடந்தது என்பதே கவனிக்க வேண்டியது. பாதரசத்துக்கு வரத்தை அடைப்பதே பாதி மருத்துவம்.

விட்டுவைத்தல்

இது சோம்பேறிகளின் வழி என்று ஒதுக்கிவிட முடியாது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹோப்வெல் என்ற ஊரில் கீபோன் என்ற பூச்சிக்கொல்லி தயாரித்த ஆலையில், தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் வந்ததை அடுத்து 1975-ல் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில் ரிச்மண்டிலிருந்து செசபீக் விரிகுடா வரை சுமார் 160 கிலோமீட்டருக்கு மீன்பிடித் தடை வந்தது. ஆற்றடியைத் தோண்டும் யோசனைகள் ஆராயப்பட்டு, செலவு தாங்காது என்று கைவிடப்பட்டன. ஆண்டுதோறும் வந்து படிந்த புதிய வண்டல் பழையதை மூடியது. மீனில் கீபோன் குறைந்தது. 1988-ல் தடை நீங்கியது. கீபோன் எங்கும் போய்விடவில்லை. அது அங்கேயே, கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. மீனை அளவோடு உண்ணுமாறு கூறும் அறிவுரை, தடை நீங்கிய பிறகும் தொடர்ந்தது.

ஜேம்ஸில் கைகொடுத்த அதே வாதம் ஹட்சனில் தோற்றது. ஜேம்ஸின் கீழ்ப்பகுதி கடல் ஏற்றவற்றம் உள்ள, வண்டல் மிகுதியாகப் படியும் முகத்துவாரம். ஹட்சனின் மேற்பகுதியோ அணைக்கட்டுகளால் துண்டாடப்பட்ட நன்னீர் ஆறு. அங்கே சில மடுக்களில் வண்டல் படிந்தது, பல இடங்களில் அரித்துச் சென்றது. ஆறு தன்னைத் தானே புதைத்துக்கொள்கிறது என்பது ஆலைத் தரப்பின் வாதம். மீண்டும் மீண்டும் எடுத்த வண்டல் மாதிரிகளைப் பார்த்த முகமை, புதைவது பரவலாக நடக்கவில்லை, பிசிபி அடியிலிருந்து ஓயாமல் நீருக்கு ஏறுகிறது என்ற முடிவுக்கு வந்தது.

விட்டுவைக்கலாமா என்று அறிய வழி இருக்கிறது. குழாய் வடிவத்தில் வண்டலைக் குத்தி எடுத்து, விரற்கடை அளவுக்கு வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் சீசியம்-137 அளக்க வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமான அது 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டதால், அந்த உச்சம் எந்த ஆழத்தில் தெரிகிறதோ அது ஏறக்குறைய 1963-ன் தரை. 53 நாளில் பாதியாகும் பெரிலியம்-7 மேல் வில்லையில் கிடைத்தால், அங்கே அண்மையில் வண்டல் படிந்திருக்கிறது என்று பொருள். சீசியம் உச்சமே காணவில்லை என்றாலோ எல்லா ஆழத்திலும் கலங்கிக் கிடந்தாலோ, அந்த ஆற்றடி நிலையாக இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கண்காணித்தபடி விட்டுவைப்பது என்பது வெறும் கண்காணிப்பாகவே முடியும்.

தோண்டி எடுத்தல்

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் மக்கள் மன்றத்தில் இதற்கே ஆதரவு மிகுதி. நஞ்சை அகற்று என்பது புரிந்துகொள்ள எளிதான கோரிக்கை. ஆனால் எடுத்த பின் என்ன ஆனது என்பதை யாரும் அதே ஆர்வத்தோடு கேட்பதில்லை.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிசோ நிறுவனத்தின் ஆலையிலிருந்து 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவு கலந்தது. 1977-ல் தொடங்கி 1990-ல் முடிந்த பணியில், பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள வண்டல் முழுவதையும் கையாண்டார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர். செலவு ஏறக்குறைய 4,850 கோடி யென். அந்த வண்டலை அவர்கள் எங்கோ கொண்டுபோய்க் கொட்டவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. விரிகுடாவின் உட்பகுதியைத் தடுப்புச் சுவரால் அடைத்து, வெளிப்பகுதிச் சேற்றை உறிஞ்சி அதற்குள் நிரப்பி, மேலே தூய மண்ணைப் போட்டு 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். தோண்டியது பாதி, புதைத்தது பாதி. மீன்கள் வெளியே போகாமல் 1974-ல் கட்டிய வலையை 1997-ல்தான் அகற்றினார்கள்.

ஹட்சனில் 2009-ல் ஒரு முறை, பிறகு ஓராண்டு இடைவெளி விட்டு 2011 முதல் 2015 வரை என ஆறு பருவங்கள் தோண்டி, சுமார் 21 லட்சம் கன மீட்டர் வண்டலையும் அதோடு 140 டன் பிசிபியையும் எடுத்தார்கள். சேற்றை ஃபோர்ட் எட்வர்டில் பிழிந்து நீரகற்றி, ரயிலேற்றித் தொலைவில் உள்ள பாதுகாப்பான குப்பைக் கிடங்குகளுக்கு அனுப்பினார்கள். முதல் கட்டச் சேறு டெக்சாஸ் வரை போனது.

முதல் பருவமே பாடம் புகட்டியது. மாசு படிந்த அடுக்கு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது. பழைய மரம் அறுக்கும் தொழிலின் எச்சமாக ஆற்றடியில் கிடந்த மரத்துண்டுகள் தோண்டும் இயந்திரத்தின் வாளிக்குள் மாட்டி, அது முழுதாக மூடாமல் சேறு ஒழுகியது. ஒரே இடத்தை மறுபடி மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று. 2009 ஆகஸ்டில் ஆற்றுநீரில் பிசிபி அளவு குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 500 நானோகிராமைத் தாண்டியதால் வேலையைச் சில நாட்கள் நிறுத்தினார்கள். அதனால்தான் 2010-ல் இடைவெளி; வல்லுநர் குழு ஆராய்ந்து சொன்னதை வைத்து, ஓரிடத்தை எத்தனை முறைக்குள் தோண்டி முடிக்க வேண்டும், எங்கே தோண்டுவதை விட்டு மூடிவிடலாம் என்ற விதிகள் திருத்தப்பட்டன.

இங்கே நடப்பது இதுதான். பல பத்தாண்டுகள் முதிர்ந்து உள்ளே அடங்கிய பிசிபியில் பெரும்பங்கு கிளறினாலும் உடனே வெளியேறாது. ஆனால் துகள்களுக்கு இடையே இருந்த நீர் ஒரே நொடியில் ஆற்றில் கலக்கிறது; மிக நுண்ணிய துகள்கள், அவற்றில்தான் நஞ்சு அதிகம், கலங்கிப் போய்க் கீழே படிகின்றன; தோண்டிய குழியின் தரையில் இதுவரை ஆழத்தில் புதைந்திருந்த அடுக்கு இப்போது மேல் அடுக்காகிவிடுகிறது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 26 தூர்வாரும் பணிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கை, எஞ்சும் இந்தச் சேறே பல இடங்களில் எதிர்பார்த்த பலனைத் தடுத்தது என்று சுட்டிக்காட்டியது. ஹட்சன் பணி நிறைவடைந்ததாக 2019-ல் முகமை சான்றளித்தது; நியூயார்க் மாநிலம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றது. மீன்களில் நிலையான போக்கைச் சொல்ல இன்னும் சில ஆண்டுத் தரவு வேண்டும் என்று 2024-ல் முகமையே தன் வரைவு அறிக்கையில் எழுதியது.

இதையெல்லாம் வைத்துத் தோண்டியிருக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 140 டன் பிசிபி வெள்ளத்தின் தயவில் கிடந்தது. இப்போது அது ஆற்றில் இல்லை. 1973-ல் அணையை இடித்தபோது நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதியின் மதிப்பு புரியும். செறிவு மிகுந்த, அசையக்கூடிய, குறுகிய இடங்களுக்குத் தோண்டுவதே சரி. செறிவு குறைந்து மைல்கணக்கில் பரந்து கிடக்கும் சேற்றுக்கு அதே முறையை நீட்டிப்பதுதான் தவறு.

மூடுதல்

30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ மணலைப் பரப்பி மூடுவது கணக்குக்கு எளியது. புழுக்கள் வழக்கமாகக் குடையும் ஆழம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். அதற்குக் கீழே நஞ்சு போய்விட்டால் உணவுச் சங்கிலி அறுபடுகிறது. ஆனால் மணலுக்குத் தனியாகப் பிடிக்கும் சக்தி இல்லை. அதில் கரிமப் பொருளே கிடையாது. அது தருவது தூரமும் தாமதமும் மட்டுமே. அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறினாலோ வாயுக் குமிழிகள் கிளம்பினாலோ தாமதம் குறுகும்.

நியூயார்க்கின் வடகோடியில், மசீனா ஊரின் அலுமினிய ஆலையை ஒட்டிய கிராஸ் ஆற்றில் 2001-ல் சோதனைக்காக மணல் மூடி போட்டார்கள். நன்றாகவே நின்றது. 2003 வசந்தத்தில் பனிக்கட்டிகள் ஓரிடத்தில் அடைத்துக்கொள்ள, அவற்றுக்கு அடியில் பீறிட்ட நீர், மூடியின் ஒரு பகுதியை மட்டுமல்லாமல் அதற்குக் கீழே இருந்த மாசு வண்டலையும் அரித்துச் சென்றது. அதுவரை அந்த ஆற்றை அமைதியான ஆறு என்றே கருதியிருந்தார்கள். பின்னர் 2013-ல் எடுத்த முடிவில், கரையோரம் தோண்டுவது, நடு ஆற்றை மூடுவது, பனி அடைப்பு நேரும் பகுதியில் கல் அடுக்கிய கனத்த மூடி போடுவது என்று பிரித்தார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் எடுக்கப்பட்ட நிதானமான முடிவுகளில் அது ஒன்று. ஒரே மருந்தை ஆறு முழுக்கப் பூசவில்லை.

கரி கலத்தல்

வண்டலில் தற்செயலாகக் கலந்த புகைக்கரி நஞ்சை இறுகப் பிடிக்கிறது என்றால், வேண்டுமென்றே கரி கலந்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இந்த வழி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லூத்தியும், அவரோடு பணியாற்றிப் பின்னர் மேரிலாந்துக்குச் சென்ற உபல் கோஷும் இதில் முன்னோடிகள். வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் அதே ஆக்டிவேட்டட் கார்பன்தான். ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தொடக்கூடும். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம். மேலே உள்ள 10 சென்டிமீட்டர் வண்டலில், உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு கலந்தால், இயற்கை பல பத்தாண்டுகளில் செய்யும் முதிர்ச்சியை மாதங்களில் வரவழைத்துவிடலாம். மொத்த அளவைச் சோதிக்கும் ஆய்வகம் எந்த மாற்றத்தையும் காணாது. பாலித்தீன் தாள் காணும்.

கிராஸ் ஆற்றிலேயே 2006-ல் இதைச் சோதித்தார்கள். போதுமான அளவு கரி விழுந்த இடங்களில் புழுக்களில் சேரும் பிசிபி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பலன் கூடியதே தவிரக் குறையவில்லை. கரியும் சேறும் நன்றாகக் கலக்கக் காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. நார்வேயின் கிரென்லாந்து ஃபியர்டுகள் என்ற குறுகிய கடற்கழிகளில், பழைய மக்னீசியம் ஆலையிலிருந்து வந்த டையாக்ஸின் என்ற நச்சுப்பொருள் படிந்த கடலடியில் 2009-ல் கரியும் களிமண்ணும் கலந்து மெல்லிய போர்வை விரித்தார்கள். டையாக்ஸின் கசிவு குறைந்தது. ஆனால் அங்கிருந்த சிற்றுயிர்களின் எண்ணிக்கையும் வகையும் குறைந்தன, கரி உணவுச் சத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதும் அதன் மிக நுண்ணிய தூளும் அதற்குக் காரணமாகக் கருதப்பட்டன. மேலும், கரி பிசிபிக்கும் டையாக்ஸினுக்கும் ஏற்றது. காட்மியம், குரோமியம் போன்றவற்றுக்கு அதை நம்ப முடியாது. ஓட்டம் மிகுந்த இடத்தில் அது வண்டலோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

செலவைப் பொறுத்தவரை ஒன்று சொன்னால் போதும். தோண்டும் செலவு கன அளவைப் பொறுத்துக் கூடும். சேற்றைப் பிழிவது, ஏற்றுவது, கிடங்கில் வைப்பது எல்லாம் அதன் தலையில் விழும். கரிக்கும் மணலுக்கும் பரப்பளவைப் பொறுத்தே செலவு. எனவே ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும் மாசு தோண்டுவதற்கும், மேலோட்டமாகவும் அகலமாகவும் இருக்கும் மாசு கரிக்கும் இயல்பாகவே பொருந்துகின்றன. விட்டுவைப்பதன் செலவு கணக்கில் சிறிதாகத் தெரியும். தடை இருக்கும் ஆண்டுகள் முழுவதும் மீன்பிடிப்பவர்கள் இழக்கும் வருமானத்தை அந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

நொய்யல் போன்ற இடங்களில்

இந்த நான்கு வழிகளும் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஆறுகளிலும் விரிகுடாக்களிலும் உருவானவை. ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் ஆற்றுக்கும் அணைக்கும் அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது.

திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு நீர் தேங்கும் குளமாகிப் போனது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. சாயக்கழிவில் மிகுதியாக இருப்பது உப்பு. உப்பு வண்டலோடு உறுதியாக ஒட்டுவதே இல்லை. நல்ல மழையில் நீரோடு கரைந்து இறங்கிவிடும், இறங்கும் இடத்தில் கிணறுகளைக் கெடுக்கும் என்பது வேறு. உலோகமோ சாயத்தின் கரையாத எச்சமோ அப்படிப் போவதில்லை, அடியில் தங்கும். நீரின் உவர்ப்பு குறைந்துவிட்டது என்பதை வைத்து அடிவண்டல் தேறிவிட்டது என்று முடிவுகட்டுவது, இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்புவது.

அதைவிட முக்கியமான சிக்கல் வெயில். கறுப்புச் சேற்றில் சல்ஃபைடோடு சேர்ந்து உறைந்திருக்கும் உலோகம், நீர் வற்றி அணைத்தரை வெடிக்கும்போது காற்றில் அவிழ்கிறது. அடுத்த மழைக்கு நீர் நின்றதும் ஒரு பகுதி திரும்ப உறைகிறது, ஒரு பகுதி முதல் வெள்ளத்தோடு வெளியேறுகிறது. மேசைமேல் வைத்த குப்பியில் சில மணி நேரத்தில் நடந்தது, அங்கே ஒவ்வொரு கோடையிலும் ஏக்கர்கணக்கில் நடக்கிறது. காலம் செல்லச்செல்ல ஒட்டு இறுகும் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய இடத்தில் இடமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஆகவே உலோகம் படிந்த, வற்றக்கூடிய நீர்நிலைகளுக்கு விட்டுவைக்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோண்டுவது என்றால், நம் ஊரில் தோண்டிய வண்டலுக்கு உடனே கேட்பு வந்துவிடும். குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு, அது பொய்யும் அல்ல. ஆலைக்கழிவு தேங்கிய நீர்நிலையின் வண்டல் மட்டும் அந்த வழக்கத்துக்கு விலக்கு. அதை வயலில் பரப்புவது, சல்ஃபைடு பிடியில் இருந்த உலோகத்தைக் காற்றிலும் உழவிலும் வேரடியிலும் கொண்டுபோய் வைப்பது. எனவே மாட்டுவண்டியோ டிராக்டரோ அணைக்குள் இறங்கும் முன், ஒரே இடத்தில் இரண்டு முறை மாதிரி எடுக்க வேண்டும்: நீர் நிற்கும் கார்த்திகையில் ஒன்று, தரை வெடித்த சித்திரையில் ஒன்று. மொத்த அளவு இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். இடைநீரில் கரையும் பங்கு சித்திரையில் எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வண்டல் வயலுக்கா, கிடங்குக்கா என்று சொல்ல முடியும்.